நல்ல நேரத்தில் தூவிய கந்தகம்

பஸ்ஸால் இறங்கிக் குடையை விரித்துக்கொண்டு நிமிர்ந்து பார்க்கிறேன், ஏணி உச்சியில் ஒரு மஞ்சள் மனிதர் நிற்கிறார். தலைமயிர் மஞ்சள், புருவம் மஞ்சள், மீசை மஞ்சள், வேர்வை வழிந்த இடமெல்லாம் மஞ்சள் கோடு. இடுப்பில் கட்டியிருந்த சாரம் என்ன நிறமென்று பெற்ற தாய் வந்து பார்த்தாலும் சொல்லியிருக்க மாட்டா.

உச்சி வெயில். வைகாசி மாதத்தில் புங்குடுதீவு இறுப்பிட்டி மணலில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு நான் ஒன்றும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. காகம்கூட வேலியில் இருக்காமல் பூவரசுக்குள் ஒதுங்கியிருந்தது. அந்த வெயிலில் சிவக்கொழுந்தண்ணை, ஒரு தடியில் கட்டிய துணிப் பொட்டளியை மற்றத் தடியால் தட்டித் தட்டி, தன் முந்திரிகைப் பந்தலுக்கு மேலே கந்தகத்தூள் தூவிக்கொண்டிருந்தார்.

முந்திரிகை என்று எங்கள் ஊரில் சொல்வது திராட்சையை. போன கிழமை எழுதியதைப் படித்துவிட்டு, தீவில் முந்திரிகையா, சும்மா அளக்காதையுங்கோ என்று கடிதம் போட்ட அன்பர் இதைக் கட்டாயம் படிக்கவேண்டும்.

"அண்ணை! இறங்குங்கோ! உடனை இறங்குங்கோ!" என்று ஒழுங்கை முனையில் நின்றே கத்தினேன்.

அவர் திரும்பிப் பார்த்து, மஞ்சள் முகத்தில் பல் தெரியச் சிரித்தார்.

"பொறும் பிள்ளை. நல்ல நேரம் முடிய இன்னும் பத்து நிமிசம் கிடக்கு."

எனக்குத் தலை விறைத்துப்போனது. ஏனென்றால் அந்தத் தூளைக் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். எப்போது தூவவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவளும் நான்தான்.

செம்மண்காரி

எண்பதுகளின் நடுப்பகுதி. ஆண்டு சரியாக நினைவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து தீவுக்குப் பண்ணைப் பாலத்தால் பஸ் ஓடிக்கொண்டிருந்த காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் செம்மண் பூமியான கோப்பாய்க்காரி. விவசாயப் போதனாசிரியையாக முதல் நியமனம் வேலணைக் கந்தோருக்கு. வேலணையோடு புங்குடுதீவும் என் தலையில். படித்து முடித்த சூடு இன்னும் ஆறவில்லை. வாய் வேறு கொஞ்சம் நீளம். மண்ணைத் தொடாமலே இது உப்பு மண், இது சுண்ணாம்பு மண் என்று நான் சொல்ல, அந்த மண்ணில் முப்பது வருடம் புகையிலை வைத்த மனிதர்கள் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். நான் பஸ் ஏறியதும் சிரிப்பார்கள். சிரித்தது எனக்குப் பிறகுதான் தெரியும்.

"செம்மண்காரி வந்திட்டா" என்பதுதான் அங்கே எனக்குப் பெயர். இதை எனக்குச் சொல்லித் தந்தவர் தம்பிராசா அண்ணை. சிவக்கொழுந்தண்ணையின் பக்கத்து வளவுக்காரர். ஒருவரைப் பற்றி மற்றவர் சொன்னதை அன்றே கொண்டுபோய்ச் சேர்க்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

சிவக்கொழுந்தண்ணையின் கொடியும் என்னைப்போலத்தான், செம்மண் பக்கத்தால் வந்தது. உரும்பிராயில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் பழம் குலைகுலையாகத் தொங்கக் கண்டு, ஒரு தடியை வெட்டி ஈரச்சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாராம். கொடி வளர்ந்தது. பந்தல் நிறையப் படர்ந்தது. காயும் பிடித்தது. ஆனால் காய் கடலையளவு வந்ததும், அரிசிமாவைத் தெளித்தமாதிரி வெள்ளை படியும். பிறகு காய் வெடித்து விதை வெளியே தெரியும். இப்படி மூன்று முறை.

"உப்புக்காத்து" என்றது ஊர். "கண்ணூறு" என்றார் தம்பிராசா அண்ணை. நான் பார்த்தவுடன் சொன்னேன்: "சாம்பல் நோய். கந்தகம் தூவினால் நிண்டிடும்."

சோதனைச் சாவடியும் சொறியும்

கந்தகம் கொண்டுபோவது இப்போது நினைக்கிறமாதிரி லேசான காரியமில்லை. அந்த நாட்களில் கந்தகம் என்றாலே ஆட்களுக்கு வெடிகுண்டு ஞாபகம்தான் வரும். கந்தோர்க் கடிதம் ஒன்றை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, பாலத்தடிச் சோதனையில் இறங்கினேன்.

ஒரு சின்ன வயது ஆமிக்காரன். பையைத் திறந்தான். மூக்கை உள்ளே விட்டான். அவ்வளவுதான். அடுக்கடுக்காகத் தும்மினான் பாருங்கள், வரிசையில் நின்ற சனம் சிரிக்கவும் பயந்து வாயைப் பொத்திக்கொண்டு நின்றது.

"மே மொக்கத?" என்றான் கண்ணைத் துடைத்துக்கொண்டு. இது என்னவாம்.

எனக்குத் தெரிந்த சிங்களம் பத்துச் சொல். அதில் ஒன்று 'பெஹெத்', மருந்து. செடிக்கு மருந்து என்று கையால் காட்டினேன். அவன் கடிதத்தைப் பார்க்கவேயில்லை. சட்டைக் கையை மடித்து முழங்கையை நீட்டினான். சொறி! இதுக்கும் பெஹெத்தா என்று கேட்டான்.

கந்தகத்தைத் தேங்காயெண்ணெயில் குழைத்துச் சொறிக்குப் பூசுவது எங்கள் வீட்டுக் கைவைத்தியம். ஒரு கரண்டியளவு தூளைப் பேப்பரில் மடித்துக் கொடுத்து, எண்ணெய்ப் போத்தலைச் சரிப்பதுபோலவும் கையில் தேய்ப்பதுபோலவும் நடித்துக் காட்டினேன். இரண்டு கிழமை கழித்து அதே இடத்தில் பஸ்ஸை மறித்தவன் என்னைக் கண்டதும் முழங்கையைத் தூக்கிக் காட்டினான். சுத்தமாக மாறியிருந்தது. போதனாசிரியை வேலையில் என் முதல் வெற்றி அந்த முழங்கைதான்.

கொடிக்கு வைத்த தவணை

தூளைக் கொண்டுபோன அன்று சிவக்கொழுந்தண்ணை வீட்டில் ஒரு பெரிய வழக்கு நடந்துகொண்டிருந்தது. அவருடைய மனைவி பரமேசக்கா குசினி வாசலில் இடுப்பில் கைவைத்தபடி நின்றா.

"பிள்ளை, நீரே சொல்லும். எங்கடை கிணத்திலை நல்ல தண்ணி எவ்வளவு ஊறும்? கோடையிலை குடிக்கவே அளந்து அள்ளுறம். இந்தாள் விடியவும் பின்னேரமும் கொடிக்கு ஊத்துது. மூண்டு முறை காய்ச்சுது, மூண்டு முறையும் கோழிக்குக்கூடக் குடுக்க ஏலாது. தறிச்சுப்போட்டு நாலு கத்தரி வைச்சால் கறிக்காவது ஆகும்."

அண்ணை நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வேலிக்கு அந்தப் பக்கம் தம்பிராசா அண்ணையின் தலை தெரிவதைக் கண்டாரோ என்னவோ, ரோசம் வந்துவிட்டது.

"சரி. ஆனித் திருவிழாவுக்கு முதற்குலை அம்மனுக்கு எண்டு நேர்ந்தனான். இந்த முறை அம்மனுக்கு வைக்கக்கூடிய, மனுசர் வாயிலை வைக்கக்கூடிய பழம் வராட்டில், நானே தறிக்கிறன். போதுமோ?"

"போதும்" என்றா பரமேசக்கா.

"நான் சாட்சி" என்றது வேலி.

அந்த மனிதர் கொடியைத் தடவிக்கொண்டு நின்றார். எப்படியும் காப்பாற்றிக் கொடுப்பேன் என்று மனதுக்குள் சபதம் எடுத்துக்கொண்டேன். பழைய வேட்டித் துண்டில் தூளைக் கட்டி, தடியில் முடிந்து, எப்படித் தட்டுவது என்று காட்டினேன். மூக்கைத் துணியால் கட்டச் சொன்னேன். பந்தலுக்குக் கீழே நின்று மேல்நோக்கித் தூவச் சொன்னேன்.

"விடிய வெள்ளன, இலையிலை ஈரம் காயமுன்னம், காத்து எழும்பமுன்னம் தூவவேணும் அண்ணை."

"நல்ல நேரம் பாத்துத் துவங்கலாமோ பிள்ளை?"

கடைசி பஸ் சந்தியில் ஹோர்ன் அடித்தது. ஒரு கையில் குடை, மற்றக் கையில் செருப்பு. "ஓம் ஓம், பாருங்கோ!" என்று சொல்லிக்கொண்டு ஓடினேன்.

அந்த இரண்டு 'ஓம்'தான் நான் விட்ட பிழை.

பரமேசக்காவின் பஞ்சாங்கம்

அந்த வீட்டில் நல்ல நேரம் என்றால் என்னவென்று எனக்கு அப்போது தெரியாது. நேரம் பார்ப்பது பரமேசக்கா. கோழிக்கு அடை வைக்க நேரம். ஆட்டுக்குட்டி வாங்க நேரம். புகையிலைக் கன்று நட நேரம். புது றேடியோ வாங்கி வந்து மூன்று நாள் மூடிவைத்து, நல்ல நேரம் வந்த பிறகுதான் திருகினார்களாம். திருகியதும் வந்தது மரண அறிவித்தல். அதற்கும் அவ அசையவில்லை. "செத்தவருக்கு நல்ல நேரம்" என்றாவாம்.

அண்ணை போய்க் கேட்டிருக்கிறார். அவ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பஞ்சாங்கத்தைப் புரட்டியிருக்கிறா. வெள்ளிக்கிழமை நல்ல நாள். ஆனால் விடிய மரணயோகம். அது கழியப் பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை இராகுகாலம். பன்னிரண்டு பத்துக்கு நல்ல சித்தயோகம்.

அதனால்தான் அந்த மனிதர் வெள்ளிக்கிழமை உச்சி வெயிலில் ஏணியில் நின்றார். கீழே நின்று தூவினால் கண்ணுக்குள் விழுகிறதென்று மேலே ஏறிவிட்டாராம்.

வெயில் கொதிக்கும்போது கந்தகம் இலையில் பட்டால் இலை கருகும். கல்லூரியில் முதல் வருடமே படிப்பித்த விசயம். அன்று பின்னேரம் வெயில் தாழ்ந்ததும் பூவாளியால் இலையைக் கழுவச் சொல்லிவிட்டு, கடைசி பஸ் பிடித்து வீட்டுக்குப் போனேன். அம்மா போட்ட சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன், சாப்பிட முடியவில்லை.

சுட்ட பப்படம்

திங்கட்கிழமை போனேன். பந்தலின் மேல் இலையெல்லாம் சுட்ட பப்படம்போல ஓரம் கருகிச் சுருண்டு கிடந்தன. காற்றடிக்க ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. அண்ணை கீழே ஒரு கதிரையில் இருந்தார். அவர் என்னை ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "வாரும் பிள்ளை, தேத்தண்ணி குடியும்" என்றார். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து தம்பிராசா அண்ணை ஒரு வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி வந்தார். உடுப்புக் கொடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டி, சோளகக் காற்று அள்ளிக்கொண்டுபோன தூளால் சாமியார் வேட்டியாகியிருந்தது. சண்டைக்கென்று வந்தவர், கதிரையில் இருந்த மனிதரைப் பார்த்தார். விழுந்து கிடந்த இலையைப் பார்த்தார். வேட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார்.

கொஞ்ச நேரத்தில் வேலி அடைக்க வைத்திருந்த பனையோலையை ஒரு கட்டுத் தோளில் சுமந்துகொண்டு வந்தார்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீர், போதனா மிஸ்? மேல் இலை போச்சுதெண்டால் குலையிலை வெயில் விழுமெல்லோ. பிடியும் ஏணியை!"

நான் சொல்லியிருக்கவேண்டியதை அவர் சொன்னார். ஏணியைப் பிடித்தேன். ஓலையைப் பரப்பிக் கயிற்றால் வரிந்து கட்டினோம். அப்போதுதான் அடியில் குனிந்து பார்த்தேன். மேலே தூவியதில் கீழே சிந்திய கொஞ்சத் தூள் போதுமாக இருந்திருக்கிறது. நிழலுக்குள் இருந்த ஏழு குலையில் வெள்ளை இல்லை. காய் பச்சைப்பசேலென்று கண்ணாடிமாதிரி இருந்தது.

"அண்ணை, ஏழு! ஏழு குலை தப்பியிருக்கு!" என்று குதித்தேன். அரசாங்க உத்தியோகத்தர் அப்படிக் குதிக்கக்கூடாது.

தம்பிராசா அண்ணை என் காதுக்கு அருகில் வந்தார். "அவ வேணுமெண்டுதான் அந்த நேரத்தைப் பாத்துக் குடுத்தவ. கொடியை ஒழிக்க."

அதுவும் என் புத்தியில் ஏறிவிட்டது. நேரே குசினிக்குப் போனேன்.

யாருக்குச் சொல்லவேண்டும்?

பரமேசக்கா மீன் வெட்டிக்கொண்டிருந்தா. நான் சுற்றி வளைத்து ஏதோ தொடங்க, அவ அரிவாளை விட்டு நிமிர்ந்தா.

"தம்பிராசன் ஊதினவனோ? பிள்ளை, தறிக்கச் சொன்னனான், ஓம். அவரின்ரை முகத்துக்கு நேரை சொன்னனான். ஒரு சீவனுக்கு நேரம் பாக்கச் சொன்னால் நான் களவு பாக்கமாட்டன். வெள்ளிக்கிழமை பின்னேரம் இலை கழுவினது ஆரெண்டு அவரைக் கேளும். அஞ்சு வாளி நல்ல தண்ணி இந்தக் கையாலை அள்ளினனான்."

அரிவாளைத் தள்ளிவைத்துவிட்டு அவவே கேட்டா.

"வெயிலுக்கு முன்னம் தூவவேணுமெண்டு நீர் ஏன் சொல்லேல்லை?"

"அண்ணைக்குச் சொன்னனான் அக்கா."

"இந்த வீட்டிலை நேரம் பாக்கிறது ஆர்? எனக்கெல்லோ சொல்லியிருக்கவேணும்!"

எவ்வளவு உண்மை! நான் எந்த வீட்டுக்குப் போனாலும் முற்றத்தில் நின்று ஆண்களுக்குப் படிப்பித்துவிட்டு வருவேன். குசினிப் பக்கம் போவது தேத்தண்ணி குடிக்க மட்டும். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"பிழை என்னிலைதான் அக்கா. பஸ்ஸுக்கு ஓடின அவசரத்திலை ஓம் எண்டிட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவ கையைக் கழுவினா. கண்ணாடியைப் போட்டா. பஞ்சாங்கத்தை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் பலகையைப் போட்டு இருந்தா.

"சரி, இப்ப விபரமாய்ச் சொல்லும். எத்தினை மணிக்கு முன்னம்? எத்தினை நாளுக்கு ஒருக்கால்? காய் பழுக்கத் துவங்கினால் நிப்பாட்டவேணுமோ?"

ஒரு மணித்தியாலம் கேள்வி கேட்டா. கல்லூரிச் சோதனையில்கூட என்னை யாரும் அப்படிப் பிழியவில்லை. அடுத்த இரண்டு தூவலுக்கும் அவ பார்த்துத் தந்த நேரம் காலை ஐந்து ஐம்பது. இரண்டாவது நாளில் வெள்ளனவே மரணயோகம் வராதா என்று அண்ணை மெதுவாக இழுத்தார்.

"நேரம் பாக்கிறது நீங்களோ நானோ?" என்றா.

ஆளுக்கொரு பழம்

ஆனித் திருவிழா வந்தது. பழம் நிறம் திரும்பியிருந்தது, ஆனால் இன்னும் பத்து நாள் கொடியில் நிற்கவேண்டும் என்று எனக்குத் தெரியும். சொன்னேன். நேர்த்தி நேர்த்திதான் என்றார் அண்ணை. ஏழு குலையையும் வாழையிலையில் வைத்துத் தலையில் சுமந்துகொண்டு கோயிலுக்குப் போனார். புது வேட்டி. முகத்தில் கல்யாண மாப்பிள்ளைக் களை. நானும் லீவு போட்டுவிட்டுப் பின்னால் போனேன்.

பூசை முடிந்து ஐயர் பிரசாதத்தோடு ஆளுக்கொரு பழம் கொடுத்தார். கொடியின் தவணை ஊருக்கே தெரியும். தம்பிராசா அண்ணை சாட்சியாக இருந்த விசயம் தெரியாமல் போகுமா? முதல் பழத்தை வாயில் போட்டவரும் அவர்தான்.

அவருடைய ஒரு கண் தானாக மூடியது. கழுத்து நரம்பு புடைத்தது. பரமேசக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றா.

"தேன்!" என்றார் தம்பிராசா அண்ணை.

அடுத்தவர் போட்டார். தோள் குலுங்கியது. "தேன்தான்!" அதற்கடுத்த கிழவர் கண்ணீர் வடியச் சொன்னார், "கற்கண்டு!" வரிசை முழுக்கத் தேனும் கற்கண்டும் சீனிப்பாணியும். என் முறை வந்தது. வாயில் வைத்தேன். ஐயோ, பழப்புளி தோற்றுப்போகும்!

"நல்ல இனிப்பு அக்கா" என்றேன். நான் உத்தியோகத்தில் சொன்ன ஒரே பொய் அதுதான் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள், ஆனால் மனதாரச் சொன்ன பொய் அதுதான்.

எல்லோரையும் விட்டுக் கடைசியில்தான் சிவக்கொழுந்தண்ணை பழத்தை எடுத்தார். கண்ணில் ஒற்றினார். வாயில் போட்டார். கோயில் வாசலில் நின்ற அத்தனை பேரும் அவருடைய வாயையே பார்த்தோம். ஏனென்றால் அந்த மனிதருக்குப் பொய் சொல்ல வராது.

"ஐயோ, புளியெல்லோ!" என்றார்.

தம்பிராசா அண்ணை கோபுரத்தை அண்ணாந்து பார்க்கத் தொடங்கினார். அண்ணையின் முகம் சுருங்கியது. பழம் சரிவராவிட்டால் தறிப்பதாகத் தான் கொடுத்த வாக்கு அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்திருக்கவேண்டும். பரமேசக்கா தன் கையிலிருந்த பழத்தை வாயில் போட்டா. மென்றா. விதையைத் துப்பினா. வரிசையில் நின்ற ஒவ்வொரு முகமாகத் திரும்பிப் பார்த்தா.

பிறகு வந்தது பாருங்கள் ஒரு சிரிப்பு. அவ சிரிக்கத் தொடங்க, தம்பிராசா அண்ணை சிரிக்க, ஐயர் சிரிக்க, கடைசியில் அண்ணையும் தலைப்பாகைத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். சிரித்துச் சிரித்துக் களைத்துப்போய், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பரமேசக்கா என் பக்கம் திரும்பினா.

"பிள்ளை, அடுத்த காய்ப்புக்குக் கந்தகம் எப்ப தூவவேணும்? மாதத்தைச் சொல்லும், நான் நேரம் பாக்கவேணும்."